மூச்சு வாங்குவது முதுமை அல்ல: பெரியவர்களைத் தாக்கும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்

"மூச்சு வாங்குதா? வயசாயிடுச்சில்ல, அப்படித்தான் இருக்கும்." அறுபதைத் தாண்டிய பெரியவர்களுக்கு நம் வீடுகளில் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். பள்ளிவாசல் படியேறினால் இளைப்பு, கடைத்தெருவுக்குப் போய் வந்தால் இளைப்பு, காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் இருமிச் சளியைத் துப்பினால்தான் நிம்மதி என்று ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. ஒரு மார்கழி இரவில் மூச்சுத் திணறி 108 ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுதான் நோயின் பெயரே குடும்பத்துக்குத் தெரிய வருகிறது.

அந்த நோயின் பெயர் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மருத்துவர்கள் சுருக்கமாக சி.ஓ.பி.டி. என்பார்கள். நாம் இழுப்பு, ஈளை, வீசிங் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கடந்து போகிறோம். இந்தியாவில் 1990-ல் சுமார் 2.81 கோடிப் பேருக்கு இருந்த இந்த நோய், 2016-ல் சுமார் 5.53 கோடிப் பேருக்கு இருந்ததாக உலக நோய்ச்சுமை ஆய்வு கணக்கிட்டது. உலக அளவில் 2019-ல் மட்டும் 32 லட்சத்துக்கும் அதிகமானோர் இதனால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறியது. இவ்வளவு பெரிய நோயை 'வயசுக் கோளாறு' என்று ஒதுக்கிவிடக் கூடாது. போளூரிலும் ஜவ்வாது மலை அடிவாரத்திலும் உள்ள குடும்பங்கள் இதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது?

நாம் இழுக்கும் காற்று மூச்சுக்குழாய் வழியாக இறங்கி, மரக்கிளைகள்போல் பிரிந்து செல்லும் சிறு குழாய்களைக் கடந்து, கடைசியில் மிகச் சிறிய காற்றுப் பைகளை அடைகிறது. இரண்டு நுரையீரல்களிலும் சேர்த்து இத்தகைய பைகள் சுமார் 30 கோடியோ அதற்கு மேலோ இருக்கின்றன. இங்கேதான் ஆக்சிஜன் இரத்தத்தில் கலக்கிறது, கரியமில வாயு வெளியேறுகிறது.

பல ஆண்டுகள் புகையும் தூசியும் உள்ளே போய்க்கொண்டே இருந்தால் இரண்டு விதமான சேதம் ஏற்படுகிறது. முதலாவது, குழாய்களின் உட்சுவர் வீங்கித் தடித்து, சளி அதிகமாகச் சுரந்து, பாதை குறுகிவிடுகிறது. இரண்டாவது, காற்றுப் பைகளின் மெல்லிய சுவர்கள் சிதைந்து, பல சிறு பைகள் சேர்ந்து தளர்ந்த பெரிய பைகளாகிவிடுகின்றன. புது பலூன் தானாகவே காற்றை வெளியே தள்ளிவிடும். பலமுறை ஊதித் தொய்ந்துபோன பலூனில் அந்த இழுவிசை இருக்காது. நுரையீரலும் அப்படித்தான் ஆகிறது.

இதனால் இந்த நோயாளிக்கு மூச்சை உள்ளே இழுப்பதை விட வெளியே விடுவதுதான் அதிகச் சிரமம். பழைய காற்று உள்ளேயே தேங்கிக் கிடப்பதால் புதுக் காற்றுக்கு இடம் இல்லாமல் போகிறது. 'நெஞ்சு நிறைஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு' என்று பெரியவர்கள் சொல்வதன் பொருள் இதுவே. சிதைந்த காற்றுப் பைகள் மீண்டும் முளைப்பதில்லை. ஆனால் மேற்கொண்டு சிதைவதைக் குறைக்க முடியும், இருக்கும் நுரையீரலைக் கொண்டு நன்றாக வாழவும் முடியும்.

பீடி, சிகரெட் மட்டும்தான் காரணமா?

'எங்க அம்மா பீடி, சிகரெட்டைத் தொட்டதே இல்லை, அவங்களுக்கு எப்படி இந்த நோய்?' என்று கேட்பவர்கள் உண்டு. 2016-ஆம் ஆண்டுக்கான அதே ஆய்வின்படி, இந்தியாவில் இந்த நோய் ஏற்படுத்தும் பாதிப்பில் சுமார் 54 விழுக்காட்டுக்குக் காற்று மாசு காரணம். அடுப்புப் புகையும் இதில் அடங்கும். புகையிலைக்கு உரிய பங்கு சுமார் 25 விழுக்காடு. தொழில் இடங்களின் தூசி, புகைக்கு உரியது சுமார் 17 விழுக்காடு.

நம் மாநிலத்திலேயே இதற்கு ஓர் ஆய்வு உண்டு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில், 30 வயதுக்கு மேற்பட்ட, புகைபிடிக்காத 900 பெண்களைப் பரிசோதித்தார்கள். முடிவுகள் 2011-ல் வெளியாயின. அந்தப் பெண்களில் 2.44 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருந்தது. அடுப்படியில் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சமைத்தவர்களிடம் அது 3 விழுக்காடாக உயர்ந்திருந்தது. வாழ்நாளில் ஒரு பீடிகூடக் குடிக்காதவர்களிடம் கிடைத்த எண்கள் இவை.

நம் பகுதியில் யாருக்கெல்லாம் ஆபத்து அதிகம் என்று பார்ப்போம்.

பல ஆண்டுகளாகப் பீடி, சிகரெட், சுருட்டு குடித்தவர்கள். பீடி சிறியது, இலையில் சுற்றியது, அதனால் கெடுதல் குறைவு என்பது தவறான நம்பிக்கை. அணைந்துபோகாமல் இருக்க அதை அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருப்பதால் புகை நன்றாக உள்ளே போகிறது.

விறகு, வறட்டி, கரும்புச் சோகை, கடலைக்கொடி எரித்துச் சமைத்த பெண்கள். ஜவ்வாது மலைக் கிராமங்களில் குளிர்காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நெருப்பு மூட்டுவதால் புகை வெளியேற வழியிருக்காது.

பெரிய அடுப்பில் வேலை செய்பவர்கள். திருமண விருந்துக்கு விறகில் பிரியாணி தம் போடும் பண்டாரிகளும், நோன்புக் கஞ்சி காய்ச்சுபவர்களும், டீக்கடை, ஓட்டல் அடுப்படியில் நிற்பவர்களும் பல ஆண்டுகள் புகையைச் சுவாசிக்கிறார்கள்.

தூசியில் உழைப்பவர்கள். ஆரணி, களம்பூர்ப் பக்கத்து அரிசி ஆலைகளில் தவிட்டுத் தூசியிலும் உமிச் சாம்பலிலும் வேலை பார்த்தவர்கள், கல் உடைப்பவர்கள், செங்கல் சூளைத் தொழிலாளர்கள், பீடி சுற்றுபவர்கள் ஆகியோர் இதில் அடங்குவர்.

முன்பு காசநோய் வந்து குணமானவர்களும், சிறுவயதில் அடிக்கடி நிமோனியா வந்தவர்களும், ஆஸ்துமாவைச் சரியாகக் கவனிக்காமல் விட்டவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

வேறு நோய்களிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

ஆஸ்துமா பெரும்பாலும் சிறுவயதிலோ இளமையிலோ தொடங்கும். வந்து போகும், இடைப்பட்ட நாட்களில் மூச்சு இயல்பாக இருக்கும். சி.ஓ.பி.டி. பொதுவாக 40 வயதுக்குப் பிறகு மெல்லத் தொடங்கி, ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகும். முழுதாக விட்டுப்போவதில்லை. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருப்பதுண்டு.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைநேரக் காய்ச்சல், உடல் மெலிவு, சளியில் இரத்தம் இருந்தால் முதலில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். சளியில் இரத்தம் வருவது நுரையீரல் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால் தள்ளிப்போடக் கூடாது. படுத்தால் மூச்சு முட்டுவது, நெஞ்சுவலி, கால் வீக்கம் ஆகியவை இதய நோயாலும் வரும். ஆகவே மூச்சு வாங்கும் பெரியவருக்கு இ.சி.ஜி.யும் எக்ஸ்-ரேயும் எடுத்துப் பார்ப்பது வழக்கம்.

எந்தப் படியில் இருக்கிறார்?

மூச்சிரைப்பை மருத்துவர்கள் ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்களே இதைக் கவனிக்கலாம்.

முதல் படி: கடுமையான வேலை செய்தால் மட்டும் மூச்சு வாங்கும்.
இரண்டாம் படி: வேகமாக நடந்தாலோ சிறு மேட்டில் ஏறினாலோ மூச்சு வாங்கும்.
மூன்றாம் படி: சமதளத்திலேயே தன் வயதினரோடு சேர்ந்து நடக்க முடியாமல் பின்தங்குவார், அல்லது நின்று நின்று நடப்பார்.
நான்காம் படி: சுமார் 100 மீட்டர் அல்லது சில நிமிடங்கள் நடந்ததுமே நின்றுவிடுவார்.
ஐந்தாம் படி: சட்டை போடுவதற்கே மூச்சு வாங்கும், வீட்டை விட்டு வெளியே வர முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மூச்சு வாங்கும் பெரியவர் தனக்குத் தெரியாமலேயே நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்வார். சந்தைக்குப் பேரனை அனுப்புவார், மாடி ஏறமாட்டார், பள்ளிவாசலுக்குப் போவதை நிறுத்தி வீட்டிலேயே தொழுவார். பிறகு 'எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லையே' என்பார். ஆகவே 'மூச்சு வாங்குதா?' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'போன வருஷம் செய்த எந்த வேலையை இப்ப விட்டுட்டீங்க?' என்றும் கேட்க வேண்டும். உண்மை நிலை அந்தப் பதிலில் தெரியும்.

ஊதிப் பார்க்கும் பரிசோதனை

இந்த நோயை உறுதி செய்வது ஸ்பைரோமெட்ரி என்ற பரிசோதனை. ஊசி இல்லை, வலி இல்லை. மூச்சை முழுதாக இழுத்து, ஒரு குழாயில் வேகமாகவும் முடிந்த மட்டும் நீளமாகவும் ஊத வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், மொத்தமாக வெளிவரும் காற்றில் 70 விழுக்காட்டுக்கும் குறைவாகவே முதல் ஒரு விநாடியில் வெளிவந்தால் அடைப்பு இருக்கிறது என்று பொருள்.

எக்ஸ்-ரே மட்டும் எடுத்து 'நுரையீரல் நல்லா இருக்கு' என்று திருப்தி அடைவது சரியல்ல. ஆரம்ப நிலையில் எக்ஸ்-ரே இயல்பாகவே தெரியலாம். 40 வயதுக்கு மேல், புகைப் பழக்கமோ விறகடுப்பு அனுபவமோ உள்ள ஒருவருக்கு நீடித்த இருமல், சளி, இளைப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுவது நல்லது. சமீபத்தில் மாரடைப்போ கண் அறுவை சிகிச்சையோ நடந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

போளூர்க் குடும்பங்கள் முதலில் போளூர் அரசு மருத்துவமனையில் காட்டலாம். மேல் பரிசோதனைக்குத் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும் எட்டும் தூரத்தில் உள்ளன. நுரையீரல் நோய்களுக்கென்றே உள்ள தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனை, 1928-ல் காசநோய்க்காகத் தொடங்கப்பட்டது. இன்று எல்லா நெஞ்சக நோய்களுக்கும் அங்கே சிகிச்சை தரப்படுகிறது.

முதல் மருந்து: புகையை நிறுத்துவது

'இத்தனை வருஷம் குடிச்சாச்சு, இனி விட்டு என்ன ஆகப்போகுது?' என்பது பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் காரணம். இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆரம்ப நிலை நோயாளிகளை 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். புகைப்பதை விட்ட ஆண்களுக்கு மூச்சுத் திறன் ஆண்டுக்குச் சுமார் 30 மில்லி வீதம் குறைந்தது. விடாதவர்களுக்கு 66 மில்லி வீதம் குறைந்தது. பத்து ஆண்டில் இந்த வித்தியாசம் 360 மில்லி. நோயாளிக்கு அந்த அளவு காற்று, தானாகக் குளிக்க முடிவதற்கும் பிறர் குளிப்பாட்ட வேண்டியதற்கும் உள்ள வித்தியாசமாகிவிடலாம்.

விட உதவி தேவைப்படுவோர் 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணை இலவசமாக அழைக்கலாம். வீட்டில் மற்றவர்கள் புகைத்தாலும் நோயாளிக்குக் கெடுதல்தான். தாத்தா விட வேண்டுமானால் மகனும் விட வேண்டும்.

அடுப்புப் புகைக்கும் இதே விதிதான். 2016-ல் தொடங்கிய உஜ்வாலா திட்டத்துக்குப் பிறகு கேஸ் இணைப்பு பரவலாகிவிட்டது. ஆனாலும் சிலிண்டர் விலையை நினைத்துச் சோறு வடிப்பதற்கும் குளிக்க வெந்நீர் வைப்பதற்கும் விறகு மூட்டும் வீடுகள் நிறைய. விறகைத் தவிர்க்கவே முடியாவிட்டால் அடுப்பை வீட்டுக்கு வெளியே, திறந்த இடத்தில் வைக்கலாம், நன்கு காய்ந்த விறகையே எரிக்கலாம், மூச்சு நோய் உள்ளவரை அந்த வேலையிலிருந்து விடுவிக்கலாம். கொசுவர்த்தி, ஊதுபத்தி, சாம்பிராணிப் புகையும் அவர் படுக்கும் அறையில் வேண்டாம். குப்பை கொளுத்துவதையும் நிறுத்த வேண்டும்.

இன்ஹேலர் பற்றிய பயம்

'இன்ஹேலர் ஆரம்பிச்சா விடவே முடியாது' என்ற பேச்சு நம் ஊர்களில் பரவலாக இருக்கிறது. இன்ஹேலர் போதைப் பொருள் அல்ல. நோய் நீடிப்பதால் மருந்தும் நீடிக்கிறது, அவ்வளவுதான். மாத்திரை வயிற்றுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, உடல் முழுதும் சுற்றித்தான் நுரையீரலுக்கு வர வேண்டும். இன்ஹேலர் மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் சிறு அளவே போதும், பக்கவிளைவும் குறைவு.

மூச்சு முட்டும்போது ஒரு ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடுவது பலருக்குப் பழக்கம். அந்த நேரத்துக்கு ஆறுதல் கிடைக்கும். ஸ்டீராய்டு ஊசியையும் மாத்திரையையும் மருத்துவர் மேற்பார்வையின்றி அடிக்கடி எடுத்துக்கொண்டால் சர்க்கரை ஏறும், எலும்பு பலமிழக்கும், கண்புரை வரும்.

இன்ஹேலரில் இரண்டு வகை உண்டு. ஒன்று, திணறல் வரும்போது உடனே விடுவிக்க. மற்றொன்று, திணறல் வராமல் காக்கத் தினமும் எடுப்பது. இரண்டாவதைத்தான் பலர் 'இப்ப நல்லாத்தானே இருக்கேன்' என்று நிறுத்திவிடுகிறார்கள். பயன்படுத்தும் முறையிலும் கவனம் வேண்டும்:

ரோட்டாஹேலரில் போடும் கேப்சூலை விழுங்கக் கூடாது. கருவியில் போட்டு இழுக்க வேண்டும்.
ஸ்பிரே வகையை அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் வராத பெரியவர்களுக்கு ஸ்பேசர் என்ற குடுவையை மாட்டிக் கொடுக்க வேண்டும்.
மருந்தை இழுத்த பின் முடிந்தால் பத்து விநாடி மூச்சை அடக்க வேண்டும்.
ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலரானால், முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் படலம் வரலாம்.
ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் இன்ஹேலரைக் கையோடு கொண்டுபோய், எடுத்துக் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும்.

வீட்டில் செய்யக் கூடியவை

மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, விளக்கை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைவிட இரு மடங்கு நேரம் எடுத்து வெளியே விடும் பயிற்சி மிகவும் பயன் தரும். தேங்கிய காற்று வெளியேற இது உதவுகிறது. படி ஏறும்போதும் குனிந்து எழும்போதும் இப்படிச் செய்யலாம். திணறும்போது உட்கார்ந்து, சற்று முன்னால் சாய்ந்து, முழங்கால் மேல் கைகளை ஊன்றிக்கொண்டால் எளிதாக இருக்கும்.

மூச்சு வாங்குகிறதே என்று படுத்தே இருந்தால் கால் தசைகள் வலுவிழந்து இன்னும் அதிகமாக மூச்சு வாங்கும். மருத்துவர் சொல்லும் அளவில் தினமும் நடக்க வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்டால் மூச்சு முட்டும் என்பதால் சிறிது சிறிதாக, பலமுறை சாப்பிடலாம். உடல் மெலிந்தால் முட்டை, மீன், பருப்பு, பால் ஆகியவற்றைக் கூட்ட வேண்டும். ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ தடுப்பூசி பற்றியும், நிமோனியா தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது.

தொழுகை, நோன்பு, ஹஜ்

ருகூவிலும் சுஜூதிலும் மூச்சு முட்டுபவர்கள் நாற்காலியில் அமர்ந்து தொழும் சலுகையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ரமலானில் பலர் இன்ஹேலரைத் தாங்களாகவே நிறுத்திவிடுவது ஆபத்தானது. தினசரி எடுக்கும் மருந்தைப் பலருக்கு ஸஹர், இஃப்தார் நேரங்களுக்கு மாற்றி அமைக்க முடியும் என்பதால் ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நோன்பு நேரத்தில் இன்ஹேலர் எடுப்பது பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. திணறல் வந்துவிட்டால் தாமதிக்காமல் மருந்தை எடுக்க வேண்டும்.

ஹஜ், உம்ரா செல்பவர்கள் நீண்ட நடையையும் கூட்டத்தையும் மனத்தில் வைத்து, மாதங்கள் முன்பே பரிசோதித்துக்கொண்டு, நடைப்பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். இன்ஹேலரையும் மருந்துச் சீட்டையும் பெட்டியில் போட்டுவிடாமல் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும்.

வீட்டில் ஆக்சிஜன்

இரத்தத்தில் ஆக்சிஜன் தொடர்ந்து மிகக் குறைவாக இருப்பவர்களுக்கு, நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் வீட்டில் ஆக்சிஜன் கொடுத்தால் ஆயுள் நீடிக்கும் என்பது 1980, 1981 ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளில் நிரூபிக்கப்பட்டது. எல்லோருக்கும் இது தேவையில்லை. அளவைக் கூட்டினால் நல்லது என்பதும் தவறு. இந்த நோயாளிகளில் சிலருக்கு அதிக ஆக்சிஜன் கொடுத்தால் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரும். திணறல் நேரத்தில் பொதுவாக 88 முதல் 92 விழுக்காடு அளவையே மருத்துவர்கள் இலக்காக வைக்கிறார்கள். பல்ஸ் ஆக்சிமீட்டர் 99 காட்ட வேண்டும் என்று திருகைத் திருப்பாதீர்கள். ஆக்சிஜன் உள்ள அறையில் அடுப்பு, மெழுகுவத்தி, பீடி எதுவும் கூடாது.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவை

ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாத அளவு திணறல்.
உதடு, நகம் நீலம் பாரித்தல்.
வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம், உளறல்.
உடனடி இன்ஹேலர் எடுத்தும் குறையாத இளைப்பு.

இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். சளி கூடுவது, மஞ்சள் அல்லது பச்சை நிறமாவது, காய்ச்சல், புதிதாகக் கால் வீக்கம் ஆகியவை இருந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கடும் திணறலும் நுரையீரலின் திறனில் ஒரு பகுதியைக் கொண்டுபோய்விடலாம் என்பதால் 'காலையில் பார்த்துக்கலாம்' என்று விடக் கூடாது. மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் வழியில் ஆகும் நேரத்தையும் கணக்கில் எடுத்து, இன்னும் முன்னதாகவே கிளம்ப வேண்டும்.

நவம்பர் மாதத்தின் மூன்றாவது புதன்கிழமை உலக சி.ஓ.பி.டி. தினமாக அனுசரிக்கப்படுகிறது. அந்த நாள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்த வாரமே உங்கள் வீட்டுப் பெரியவரோடு சேர்ந்து கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். அவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று கவனியுங்கள். நின்றால், வயதைக் காரணம் சொல்லாமல் ஊதிப் பார்க்கும் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.